இறந்தவர் பரலோகத்தில் இருக்கிறாரா, கடைசி நாளில் எழுந்திருப்பாரா?

நண்பர் கேட்டிருப்பது இதுதான். அவருடைய பாட்டி இறந்தபோது வீட்டில் ஜெபம் செய்த போதகர், "பாட்டி இப்போது பரலோகத்தில் ஆண்டவரோடு இருக்கிறார்கள்" என்று ஆறுதல் சொன்னார். அதே போதகர் சற்று நேரத்தில் கல்லறைத் தோட்டத்தில், கடைசி எக்காளம் தொனிக்கும்போது மரித்தோர் எழுந்திருப்பார்கள் என்ற வேதப் பகுதியை வாசித்தார். ஏற்கெனவே பரலோகத்தில் இருப்பவர் எதற்காகக் குழியிலிருந்து எழுந்து வர வேண்டும், ஆத்துமா அழியாதது என்று வேதாகமம் எங்கே சொல்கிறது, எரிக்கப்பட்டவர்களின் கதி என்ன என்று மூன்றாகப் பிரித்துக் கேட்டிருக்கிறார். மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: சாவுக்குப் பின் மனிதனுக்கு வாழ்வு உண்டென்றால், அது அவனுக்குள்ளேயே இருக்கும் சாகாத ஏதோ ஒன்றினால் வருகிறதா, அல்லது செத்தவனுக்குக் கடவுள் மறுபடியும் கொடுப்பதால் வருகிறதா? இறையியல் கல்லூரியில் புதிய ஏற்பாட்டைக் கற்பித்த காலத்தில் முதலாமாண்டு மாணவர்களிடமிருந்து தவறாமல் வரும் கேள்வி இது. வேதாகமத்தின் மைய நம்பிக்கை உயிர்த்தெழுதலே என்பது உறுதி. ஆத்துமா தன் இயல்பிலேயே அழியாதது என்ற வாக்கியம் வேதாகமத்தில் எங்குமே இல்லை என்பதும் உறுதி. இறப்புக்கும் உயிர்த்தெழுதலுக்கும் இடைப்பட்ட காலத்தைப் பற்றித்தான் வேதாகமம் குறைவாகப் பேசுகிறது. அதையும் ஒரே குரலில் பேசவில்லை.

பழைய ஏற்பாட்டின் பெரும்பகுதியை வாசிப்பவருக்கு முதலில் வியப்பே மிஞ்சும்; அங்கே பரலோகத்துக்குப் போகும் ஆசை யாருக்கும் இருப்பதாகத் தெரியவில்லை. ஆதியாகமத்தில் மனிதன் மண்ணும் கடவுள் ஊதிய சுவாசமுமாக உருவாகிறான். "நீ மண்ணாயிருக்கிறாய், மண்ணுக்குத் திரும்புவாய்" என்று தீர்ப்புப் பெறுகிறான். ஜீவவிருட்சத்தின் கனியைப் பறித்துப் புசித்து என்றென்றைக்கும் உயிரோடிருந்துவிடக் கூடாது என்பதற்காகவே தோட்டத்திலிருந்து அனுப்பப்படுகிறான். சாகாமை அவனுக்குள் முன்பே இருந்திருந்தால் அந்தக் காவலுக்குத் தேவையே இல்லை. இறந்தவர்கள் போகும் பாதாளமும் பிற்காலத்து நரகம் அன்று. நல்லவர், கெட்டவர் எல்லாரும் இறங்கும் மங்கலான இடம் அது. யோசேப்பு இறந்துவிட்டான் என்று நம்பிய யாக்கோபு, தன் மகனிடத்தில் துக்கத்தோடே பாதாளத்துக்கு இறங்குவேன் என்றுதான் அழுகிறார். எந்தோரில் குறிசொல்லும் பெண் எழுப்பிய சாமுவேல், தன்னை ஏன் கலைத்தாய் என்று சவுலைக் கடிந்துகொள்கிறார்; பிறகு, நாளைக்கு நீயும் உன் குமாரரும் என்னோடிருப்பீர்கள் என்கிறார். தீர்க்கதரிசியும் தள்ளப்பட்ட ராஜாவும் போய்ச் சேரும் இடம் ஒன்றே. "பாதாளத்தில் உம்மைத் துதிப்பவன் யார்?" என்று 6-ஆம் சங்கீதம் கேட்கிறது, மரித்தவர்கள் ஒன்றும் அறியார்கள் என்று பிரசங்கி முடித்துவிடுகிறார்.

இதற்கு மாறான கீற்றுகள் இல்லாமல் இல்லை. ஏனோக்கும் எலியாவும் சாவைக் காணாமல் எடுத்துக்கொள்ளப்படுகிறார்கள். கடவுள் தன்னைப் பாதாளத்தில் விடமாட்டார் என்று 16-ஆம் சங்கீதக்காரர் நம்புகிறார். எசேக்கியேல் 37-இல் உலர்ந்த எலும்புகள் சேர்ந்து எழும் காட்சி, பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன இஸ்ரவேல் தேசம் மீளும் என்பதற்கான சித்திரம் என்று அந்த அதிகாரமே விளக்கம் கொடுத்துவிடுகிறது. தனி மனிதரின் உயிர்த்தெழுதலுக்கு அதை நேரடிச் சான்றாகக் காட்டுவது சரியல்ல. யோபு 19-ஆம் அதிகாரத்து மீட்பரைப் பற்றிய புகழ்பெற்ற வசனமோ எபிரெய மூலத்திலேயே சிதைவும் சிக்கலும் உள்ளது. அதன்மேல் பெரிய கட்டடம் எழுப்ப நான் துணியமாட்டேன். தயக்கமில்லாமல் சுட்டிக்காட்டக்கூடிய இடம் தானியேல் 12:2. பூமியின் தூளில் நித்திரை பண்ணுகிறவர்களில் அநேகர், சிலர் நித்திய ஜீவனுக்கும் சிலர் நித்திய நிந்தைக்கும் விழித்தெழுவார்கள் என்று அது வெளிப்படையாகச் சொல்கிறது.

அந்த வசனம் எந்த நெருக்கடியில் எழுந்தது என்று பார்த்தால்தான் உயிர்த்தெழுதலின் பொருள் விளங்கும். தானியேல் நூல் இன்றைய வடிவத்தைப் பெற்றது கி.மு. 2-ஆம் நூற்றாண்டில், சீரிய அரசன் நான்காம் அந்தியோக்கு யூதர்களைத் துன்புறுத்திய காலத்தில் என்பது பெரும்பான்மை ஆய்வாளர்களின் முடிவு, அது கி.மு. 6-ஆம் நூற்றாண்டு நூலே என்று மரபு வழியில் நிற்போரும் உண்டு. அந்தக் காலத்துத் துன்புறுத்தலைச் சொல்லும் இரண்டாம் மக்கபேயர் நூல் கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ் வேதாகமங்களில் உள்ளது. சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) சபையினரின் வேதாகமத்தில் இல்லை. அதன் 7-ஆம் அதிகாரத்தில் பன்றி இறைச்சி உண்ண மறுத்த ஏழு சகோதரர்கள் தாயின் கண்முன்னே ஒவ்வொருவராகக் கொல்லப்படுகிறார்கள். மூன்றாமவன் நாக்கை நீட்டி, கைகளை விரித்துக் காட்டி, இவற்றை விண்ணகத்திலிருந்து பெற்றேன், அவரிடமிருந்தே திரும்பப் பெறுவேன் என்கிறான். தாயோ, நீங்கள் என் வயிற்றில் எப்படி உருவானீர்கள் என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கு மூச்சையும் உயிரையும் கொடுத்தது நானல்ல, கொடுத்தவர் மீண்டும் கொடுப்பார் என்று தேற்றுகிறாள். உங்கள் உயிர் அழியாதது, உடல் போனால் போகட்டும் என்று அவள் சொல்லவில்லை. நீதிக்காக வெட்டுப்பட்ட அந்தக் கையே திரும்ப வேண்டும்; இல்லையென்றால் கடவுள் நீதியுள்ளவர் என்று எப்படிச் சொல்வது? உயிர்த்தெழுதல் நம்பிக்கையின் வேர் படைப்பிலும் நீதியிலும் இருக்கிறது. மனிதனின் அமைப்பைப் பற்றிய தத்துவத்தில் இல்லை.

இயேசுவின் காலத்தில் எல்லா யூதர்களும் இதை ஏற்றுக்கொண்டிருக்கவில்லை. ஆலயத்து ஆசாரியக் குடும்பங்களோடு நெருங்கியிருந்த சதுசேயர்கள் மறுத்தார்கள், பரிசேயர்கள் நம்பினார்கள். ஒரே பெண்ணை ஒருவர் பின் ஒருவராக மணந்து இறந்த ஏழு சகோதரர்களின் கதையைக் கொண்டு, உயிர்த்தெழுதலில் அவள் யாருக்கு மனைவியாயிருப்பாள் என்று சதுசேயர் மடக்குவதை மாற்கு 12 பதிவு செய்கிறது. இயேசு தானியேலை மேற்கோள் காட்டாமல், அவர்கள் உயர்வாக மதித்த மோசேயின் ஆகமத்திலிருந்தே, முட்செடியருகே கடவுள் தம்மை ஆபிரகாமின் தேவன், ஈசாக்கின் தேவன், யாக்கோபின் தேவன் என்று சொன்னதை எடுத்துக் காட்டி, "அவர் மரித்தோருக்குத் தேவனாயிராமல், ஜீவனுள்ளோருக்குத் தேவனாயிருக்கிறார்" என்கிறார். இதை வைத்து ஆபிரகாம் அப்போதே உயிரோடிருக்கிறார் என்று வாதிடுவோர் உண்டு. கடவுள் அவரைக் கைவிடாததால் எழுப்பியே தீருவார் என்பதுதான் வாதம் என்போரும் உண்டு. கேள்வி உயிர்த்தெழுதலைப் பற்றியது என்பதால் இரண்டாவது விளக்கமே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. எப்படியானாலும், ஆபிரகாமின் ஆத்துமா எதனால் ஆனது என்பது அங்கே பேச்சே இல்லை. கடவுள் அவரோடு செய்த உடன்படிக்கையே ஆதாரம்.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். சாறிபாத் விதவையின் மகன், சூனேமியாளின் மகன், யவீருவின் மகள், நாயீன் ஊர் விதவையின் மகன், பெத்தானியா ஊர் லாசரு, தொற்காள் ஆகியோர் உயிர் பெற்றது இந்த நம்பிக்கையின் நிறைவு அன்று. அவர்கள் பழைய வாழ்க்கைக்குத் திரும்பியவர்கள். பிறகு மறுபடியும் இறந்தவர்கள். லாசரு பிரேதச்சீலைகளால் கட்டப்பட்டபடியே வெளியே வருகிறான். வேறு யாராவது கட்டவிழ்த்துவிட வேண்டியிருக்கிறது. இயேசுவின் கல்லறையிலோ சீலைகள் மட்டும் கிடக்கின்றன. உயிர்த்தெழுந்த இயேசுவை நற்செய்தியாளர்கள் வர்ணிக்கும் விதத்தில் ஓர் இழுபறி இருக்கிறது: லூக்காவில் அவர் மாம்சமும் எலும்பும் எனக்கு உண்டு, தொட்டுப் பாருங்கள் என்று சொல்லிச் சீஷர்கள் கொடுத்த பொரித்த மீனைச் சாப்பிடுகிறார், அதே அதிகாரத்தில் எம்மாவூரில் அப்பத்தைப் பிட்டதும் கண்ணுக்கு மறைந்துபோகிறார். யோவானில் பூட்டிய கதவுகளுக்குள்ளே வந்து நிற்கிறார். ஆனால் தோமாவுக்குக் காட்ட ஆணித் தழும்புகள் இருக்கின்றன. ஆவி மட்டும் என்றும் சொல்ல முடியாமல், பழைய உடல் என்றும் சொல்ல முடியாமல் எழுத்து திணறுகிறது. இந்த நிகழ்ச்சி நடந்ததா என்பதை வரலாற்று முறையால் நிரூபித்துவிட முடியாது. சீஷர்கள் அப்படி நம்பினார்கள் என்பதையும், அந்த நம்பிக்கை மிகவும் தொடக்கத்திலேயே இருந்தது என்பதையும் மட்டும் வரலாற்றாய்வு உறுதியாகச் சொல்லும். அதற்கு மேல் செல்வது விசுவாசம்.

அந்தத் தொடக்ககாலச் சாட்சி கொரிந்தியருக்கு எழுதின முதலாம் நிருபத்தின் (கடிதத்தின்) 15-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. நண்பர் கல்லறைத் தோட்டத்தில் கேட்டதும் அதையே. இங்கிலாந்துத் திருச்சபையின் 1662-ஆம் ஆண்டு ஜெபப் புத்தகத்தின் அடக்க முறைமை நியமித்த பகுதி அது. ஏறத்தாழ கி.பி. 54-இல் பவுல் எழுதிய இந்த நிருபத்தில், தாம் முன்பே பெற்றுக்கொண்டு ஒப்புவித்ததாக ஒரு சிறு விசுவாச அறிக்கையை வரிசைப்படுத்துகிறார்: மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், எழுந்தார், கேபா என்னும் பேதுருவுக்கும் பன்னிருவருக்கும் ஐந்நூறு பேருக்கும் அதிகமானவர்களுக்கும் தரிசனமானார். கொரிந்து சபையில் சிலர் மரித்தோரின் உயிர்த்தெழுதல் இல்லை என்றார்கள். அவர்கள் எதை நம்பினார்கள் என்று பவுல் விளக்கவில்லை. ஆவி விடுதலையானால் போதும், உடல் எதற்கு என்று கருதிய கிரேக்கப் பின்னணியினராக இருக்கலாம் என்பது பரவலான ஊகம். அத்தேனே பட்டணத்தில் பவுல் பேசியபோது உயிர்த்தெழுதல் என்ற சொல்லைக் கேட்டதும் சிலர் கேலி செய்தார்கள் என்று அப்போஸ்தலருடைய நடபடிகள் சொல்வதும் அதற்குத் துணை நிற்கிறது. பவுலின் பதில் விட்டுக்கொடுக்காதது. மரித்தோர் எழாவிட்டால் கிறிஸ்துவும் எழவில்லை. அப்படியானால் உங்கள் விசுவாசம் வீண். கிறிஸ்துவுக்குள் நித்திரையடைந்தவர்களும் கெட்டுப்போனார்கள். ஆத்துமா எப்படியும் பிழைத்திருக்கும் என்று பவுல் நினைத்திருந்தால் அந்தக் கடைசி வார்த்தையை எழுதியிருக்க முடியாது.

மரித்தோர் எந்தச் சரீரத்தோடு வருவார்கள் என்ற கேள்விக்கு விதையை எடுத்துக்கொள்கிறார். விதைக்கப்படுவது வெறும் கோதுமை மணி. முளைப்பது வேறு தோற்றம். ஆனால் இரண்டும் தொடர்பற்றவை அல்ல. "ஜென்மசரீரம் விதைக்கப்படும், ஆவிக்குரிய சரீரம் எழுந்திருக்கும்" என்பதைப் பலர் சரீரமற்ற நிலை என்று புரிந்துகொள்கிறார்கள்; அவர் சொல்வது சரீரமே, கடவுளின் ஆவியால் இயங்கும் சரீரம். ஆனால் சில வசனங்கள் தள்ளி, மாம்சமும் இரத்தமும் தேவனுடைய ராஜ்யத்தைச் சுதந்தரிக்கமாட்டாது என்றும் எழுதுகிறார். லூக்காவின் மாம்சமும் எலும்பும் என்ற வர்ணனைக்கும் இதற்கும் உரசல் உண்டு. இருவரும் வெவ்வேறு எதிராளிகளை மனத்தில் கொண்டு எழுதினார்கள், ஒருவர் ஆவியைக் கண்டோம் என்போரையும் மற்றவர் பழைய உடலே திரும்பும் என்போரையும் மறுத்தார்கள் என்று நான் விளக்குவது வழக்கம். உரசலே இல்லை என்று சாதிப்பது நேர்மையாகாது. அதிகாரத்தின் முடிவில்தான் சாவாமை என்ற சொல் வருகிறது, அதுவும் ஆடையாக: அழிவுள்ளதாகிய இது அழியாமையையும், சாவுக்கேதுவாகிய இது சாவாமையையும் தரித்துக்கொள்ளவேண்டும். உடுத்திக்கொள்ள வேண்டியது இன்னும் நம்மிடம் இல்லாதது. தீமோத்தேயுவுக்கு எழுதின முதலாம் நிருபம் சாவாமையுள்ளவர் கடவுள் ஒருவரே என்கிறது. ரோமர் 2:7 அழியாமையைத் தேடப்படும் ஒன்றாகச் சொல்கிறது. புதிய ஏற்பாட்டில் சாவாமை எங்கே வந்தாலும் அது கடவுளுக்கு உரியது, அல்லது கிறிஸ்துவுக்குள் அருளப்படுவது.

இந்த வேறுபாட்டை 20-ஆம் நூற்றாண்டில் பெரிதாக விவாதத்துக்குக் கொண்டுவந்தவர் புதிய ஏற்பாட்டு அறிஞர் ஆஸ்கர் குல்மன். 1955-இல் ஹார்வர்டில் ஆற்றிய சொற்பொழிவில் அவர் இரண்டு மரணங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்: உடலிலிருந்து விடுதலை என்று நஞ்சை அமைதியாகப் பருகும் சாக்ரடீஸ், கெத்செமனேயில் வியாகுலப்பட்டு, சிலுவையில் சத்தமிட்டுக் கூப்பிட்டு மரிக்கும் இயேசு. சாவு ஒருவருக்கு நண்பன், மற்றவருக்குக் கடைசிச் சத்துரு. பல விசுவாசிகள் இதைக் கேட்டுக் கொதித்தார்கள். ஒப்பீட்டின் மையம் சரியென்றே இன்றும் கருதுகிறேன். ஆனால் கிரேக்கம் ஒரு பக்கம், யூதம் மறுபக்கம் என்று அவர் இழுத்த கோடு மிகவும் நேரானது. அலெக்சாந்திரியாவின் பிலோ ஒரு யூதர், அவர் ஆத்துமாவைப் பற்றிப் பிளேட்டோவின் வழியில் எழுதினார். கத்தோலிக்க வேதாகமத்தில் உள்ள சாலமோனின் ஞானம் என்னும் நூல், நீதிமான்களின் ஆன்மாக்கள் கடவுளின் கையில் இருக்கின்றன என்கிறது. யூதர்களில் ஒரு பிரிவினரான எஸ்ஸீனர்கள் ஆத்துமா அழியாதது என்று நம்பியதாக வரலாற்றாசிரியர் யோசேப்பு எழுதியிருக்கிறார்.

இனி போதகரின் முதல் வாக்கியத்துக்கு வருகிறேன். சந்தேகமானது இந்தப் பகுதிதான். மரித்தவர் உடனே கிறிஸ்துவோடிருக்கிறார் என்பதற்கு வலுவான வசனம், தேகத்தைவிட்டுப் பிரிந்து கிறிஸ்துவுடனேகூட இருக்க ஆசைப்படுவதாகப் பவுல் பிலிப்பியருக்கு எழுதியது. சிலுவையில் கள்ளனுக்குச் சொல்லப்பட்ட "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்பதும் அந்தப் பக்கமே. இன்றைக்கு என்பதை 'சொல்லுகிறேன்' என்பதோடு சேர்த்து வாசிப்பவர்கள் உண்டு. பழைய கையெழுத்துப் பிரதிகளில் நிறுத்தக்குறிகள் இல்லாததால் அது இலக்கணப்படி முடியாதது அன்று, ஆனாலும் இயல்பான வாசிப்பு அதுவல்ல. ஐசுவரியவானும் லாசரு என்னும் ஏழையும் என்ற கதையை நான் சாட்சியாக அழைப்பதில்லை. அது ஏழையை வாசலில் கிடத்திவிட்டு விருந்துண்டவனைப் பற்றிய உவமை. மறுபக்கத்தில், தெசலோனிக்கேயரில் சிலர் தங்கள் இறந்தோருக்காகத் துக்கித்தபோது, அவர்கள் இப்போது பரலோகத்தில் இருக்கிறார்கள் என்று ஒரு வரி எழுதிப் பவுல் எளிதாக ஆற்றியிருக்கலாம். அவர் அப்படி எழுதாமல், கர்த்தர் வரும்போது கிறிஸ்துவுக்குள் மரித்தவர்கள் முதலாவது எழுந்திருப்பார்கள் என்கிறார். பெத்தானியா லாசருவின் சகோதரி மார்த்தாளும் தன் சகோதரன் கடைசி நாளில் எழுந்திருப்பான் என்றே சொல்கிறாள். ஆகவே பாட்டி கிறிஸ்துவோடிருக்கிறார் என்று சொல்ல வேதாகமத்தில் ஆதாரம் உண்டு. அது பயணத்தின் முடிவு என்று சொல்ல ஆதாரம் இல்லை. இரண்டு வாக்கியங்களும் மோதவில்லை, ஒன்று காத்திருப்பைச் சொல்கிறது, மற்றது காத்திருப்பது எதற்காக என்று சொல்கிறது. அந்தக் காத்திருப்பு உணர்வுள்ளதா, உறக்கமா என்பதில்தான் சபைகள் பிரிகின்றன.

பிரிவு பழையது. 2-ஆம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ எழுத்தாளர் யுஸ்தின், உயிர்த்தெழுதல் இல்லை, இறந்தவுடனே ஆத்துமா பரலோகம் போய்விடும் என்போரைக் கிறிஸ்தவர்களாக எண்ண வேண்டாம் என்று எழுதினார். இன்றைய இரங்கற்பாக்கள் பலவற்றை அவர் காதில் போடாமலிருப்பது நல்லது. 1331-இல் அவிஞோனில் பாப்பரசர் 22-ஆம் யோவான், பரிசுத்தவான்களின் ஆத்துமாக்கள் இறுதித் தீர்ப்புக்குப் பின்னரே கடவுளை முழுமையாகத் தரிசிக்கும் என்று பிரசங்கித்துப் பெரும் எதிர்ப்பைச் சந்தித்தார். மரணப்படுக்கையில் அதைத் திரும்பப் பெற்றார். அவருக்குப் பின்வந்த 12-ஆம் பெனடிக்ட் 1336-இல், தூய்மையடைந்த ஆத்துமாக்கள் உயிர்த்தெழுதலுக்கு முன்பே கடவுளைக் காண்கின்றன என்று கத்தோலிக்கப் போதனையை வரையறுத்தார். ஆத்துமா அழியாதது என்பதை 1513-இல் கத்தோலிக்கத் திருச்சபையின் பொதுச்சங்கமான ஐந்தாம் லாத்தரன் சங்கம் அறிவித்தது. சீர்திருத்தத் தலைவர்களில் லூத்தர் மரணத்தை உறக்கமென்று பலமுறை பேசினார். கால்வின் ஆத்துமா உறங்குவதில்லை என்று தனி நூலே எழுதினார். ஏழாம் நாள் அட்வென்டிஸ்டுகள் உணர்வற்ற உறக்கம் என்றே இன்றும் போதிக்கிறார்கள். ஆனால் பல சபைகளும் சொல்லும் அப்போஸ்தலரின் விசுவாசப் பிரமாணத்தைக் கவனியுங்கள்: சரீர உயிர்த்தெழுதல், நித்திய ஜீவன் என்ற இரண்டும் அதில் இருக்கின்றன, ஆத்துமாவின் அழியாமை இல்லை. 381-ஆம் ஆண்டு கொன்ஸ்தாந்திநோப்பிள் சங்கத்தோடு இணைத்துச் சொல்லப்படும் நிசேயா பிரமாணத்திலும் அப்படியே. துன்மார்க்கர் என்றென்றும் வேதனைப்படுவார்களா, அழிந்துபோவார்களா என்ற தனி விவாதமும் இதோடு ஒட்டியதே. ஆத்துமாவையும் சரீரத்தையும் நரகத்திலே அழிக்க வல்லவர் என்ற மத்தேயு 10:28-ம், நித்திய ஆக்கினை என்ற 25:46-ம் இரு தரப்புக்கும் இடம் கொடுக்கின்றன. அதை இங்கே விரிக்கவில்லை.

தகனத்தைப் பற்றிய கேள்விக்கு நேரான பதில், அது உயிர்த்தெழுதலுக்குத் தடையல்ல என்பதே. கி.பி. 177-இல் இன்றைய பிரான்சில் உள்ள லியோன் நகரில் கொல்லப்பட்ட கிறிஸ்தவர்களின் உடல்களை எரித்து, உயிர்த்தெழும் நம்பிக்கையே இவர்களுக்கு இல்லாமல் போகட்டும் என்று சாம்பலை ரோன் ஆற்றில் கரைத்தார்கள் என்று திருச்சபை வரலாற்றாசிரியர் எவுசேபியு பாதுகாத்த கடிதம் சொல்கிறது. அதனால் சபை உயிர்த்தெழுதல் நம்பிக்கையைக் கைவிட்டுவிடவில்லை. மண்ணில் மட்கிய உடலும் அணு அணுவாகப் பிரிந்துதான் போகிறது. இருந்தும் ஆதித் திருச்சபை அடக்கத்தையே விரும்பியது, கிறிஸ்து அடக்கம்பண்ணப்பட்டார் என்பதாலும் உடல் மதிப்புக்குரியது என்பதாலும். கத்தோலிக்கத் திருச்சபை 1963-இல் தகனத்தை அனுமதித்தது. சாம்பலைத் தூவவோ பங்கிட்டு வைத்துக்கொள்ளவோ கூடாது, புனிதமான இடத்தில் வைக்க வேண்டும் என்று 2016-இல் அறிவுறுத்தியது. சீர்திருத்தச் சபைகளில் பெரும்பாலானவை இதைக் குடும்பத்தின் தீர்மானத்துக்கே விட்டிருக்கின்றன. உங்கள் சபையின் வழக்கம் என்னவென்று போதகரிடமே கேட்டுக்கொள்வது நல்லது.